எண்ணெய் மாற்றும் காலம்

இம்மலருக்கு எழுதும் பழைய மாணவர் பலரும் ஆசிரியப் பெருமக்களையும் விளையாட்டு மைதானத்தையும் விடுதிச் சாப்பாட்டையும் நினைவுகூர்வர். அவையெல்லாம் நினைவுகூரத் தக்கனவே. ஆயினும், கல்லூரியிற் கற்ற கல்வி பிற்கால வாழ்க்கையில் எங்கே வந்து கைகொடுக்கின்றது என்பதையும் இடைக்கிடை எழுதிவைத்தல் நன்று. எனக்கு அஃது ஒரு மோட்டார் வண்டியின் எண்ணெய் விடயத்திற் கைகொடுத்தது. பொருள் சிறிதுதான். எனினும் நம்மிற் பலருடைய வாசலில் இன்று நிற்கும் வண்டியைப் பற்றியதாதலின், பத்திராதிபர் இடந்தருவார் என்று நம்பி எழுதுகின்றேன்.

யான் வசிப்பது கொழும்பு 13, ஜிந்துப்பிட்டியில். சிவசுப்பிரமணிய சுவாமி கோயில் மணியோசை வீட்டுக்குக் கேட்கும். எங்கள் பகுதி வீதிகளின் நெரிசலை அறியாதார் இலர். செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்துக்குச் செல்லும் கூட்டமும், ஏனைய நாட்களிற் செட்டியார் தெருவுக்கு வரும் கூட்டமும் வண்டியை நடைவேகத்துக்கு மேற் போகவிடா. இத்தகைய வீதிகளுக்கென்றே செய்யப்பட்டதுபோல் உள்ளது ‘பிளக்-இன் ஹைபிரிட்’ எனப்படும் வண்டி. இதில் மின்மோட்டாரும் உண்டு; பெற்றோல் எஞ்சினும் உண்டு. இரவில் வீட்டு மின்சாரத்தில் இணைத்து வைத்தால், மறுநாள் முப்பது நாற்பது கிலோமீற்றர் பெற்றோலைத் தொடாமலே ஓடும். வெள்ளவத்தையில் வசிக்கும் மகள் வீட்டுக்குப் போய்வர ஏறக்குறைய இருபது கிலோமீற்றர். ஆகவே வாரக்கணக்கில் எஞ்சின் உறங்கிக்கொண்டே இருக்கும்.

உறங்கும் எஞ்சினுக்கு எத்தனை காலத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றுவது? கேட்ட இடமெல்லாம் வெவ்வேறு விடை கிடைத்தது. கராஜில் உள்ள பாஸ், “ஐயா, எந்த வண்டி எண்டாலும் ஐயாயிரத்துக்கு ஒருக்கா மாத்திறதுதான் நல்லது” என்றார். என்னோடு ஒரே வாங்கிலிருந்து படித்த நண்பர் ஒருவரோ, “மச்சான், ஓடாத எஞ்சினுக்கு ஒயில் எதுக்கு?” என்று சிரித்தார். வண்டியோடு வந்த கைந்நூலைப் பார்க்கலாமென்றால் அது யப்பானிய மொழியில் இருந்தது. யப்பானில் ஓடிப் பின் இங்கு வந்த வண்டிகளை வைத்திருப்போர் எல்லார்க்கும் உள்ள தொல்லை இது. மருமகன் அதன் ஆங்கிலப் பதிப்பைத் தேடித் தந்தார். அதிற் கண்டது இது: குறித்த கிலோமீற்றர் அல்லது பன்னிரண்டு மாதம், இவற்றுள் எது முந்தி வருகின்றதோ அது.

இதற்கு இவ்வளவு ஆராய்ச்சி வேண்டுமா என்று சிலர் வினவக்கூடும். 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வண்டிகள் மீண்டும் வரத் தொடங்கியது 2025 பெப்ரவரியிலேதான். இடைப்பட்ட காலத்திற் பழைய வண்டிக்கும் பொன்னின் விலை. எஞ்சின் பழுதானாற் பஞ்சிகாவத்தையில் வேறொன்று தேடலாம். ஆனால் அதற்குப் பெண்பிள்ளையின் நகையை விற்கவேண்டி வரும். அன்றியும், 2022ஆம் ஆண்டை எவர் மறப்பர்? மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டு. யூலையில் எரிபொருள் அட்டை வந்தபோது காருக்கு வாரம் இருபது லீற்றர். மின்சாரமற்ற வேளையிற் பெற்றோலும், பெற்றோலற்ற வேளையில் மின்சாரமும் எங்கள் குடும்பத்தை ஆசுப்பத்திரிக்கும் அலுவலகத்துக்கும் கொண்டுசென்றன. நெடுநாள் உறங்கிய எஞ்சின் அழைத்த நேரத்தில் எழுந்து வேலை செய்தால் மட்டுமே இவ்வண்டியை நம்பி இருக்கலாம். அந்நம்பிக்கை எண்ணெயின் நலத்திலேயே தங்கியுள்ளது.

இனிக் கல்லூரிக்கு வருவோம். எங்கள் இரசாயன ஆசிரியர் கரும்பலகையில் எழுதிய சமன்பாடு ஒன்று இன்றும் கண்முன் நிற்கின்றது. ஒக்டேன் மூலக்கூறு இரண்டு, ஒட்சிசன் மூலக்கூறு இருபத்தைந்தோடு சேர்ந்து எரிந்தால், காபனீரொட்சைட்டு பதினாறும் நீர் பதினெட்டும் பிறக்கும். அன்று பரீட்சைக்கென்று மனனஞ் செய்தோம். கணக்கிட்டுப் பார்த்தால் அதன் பொருள் வியப்பைத் தரும்: ஒரு லீற்றர் பெற்றோல் எரியும்போது ஏறக்குறைய ஒரு லீற்றர் நீர் உண்டாகின்றது. எஞ்சின் சூடாயிருந்தால் அந்நீர் ஆவியாகப் புகைக்குழாய்வழி போய்விடும். எஞ்சின் குளிர்ந்திருந்தால் அதிற் சிறு பங்கு பிஸ்டன் வளையங்களைக் கடந்து எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்கி அங்கேயே தங்கும்.

நீர் மட்டுமன்று, பெற்றோலும் இறங்கும். குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதலான பெற்றோல் ஊட்டப்படுகின்றது. எரியாத துளிகள் சிலிண்டர்ச் சுவரில் ஒட்டி, வழிந்து எண்ணெயோடு கலந்து, அதனை நீர்க்கச் செய்கின்றன. எண்ணெய் நன்கு சூடேறி அரைமணி நேரமளவு ஓடினால் இந்நீரும் பெற்றோலும் ஆவியாகி வெளியேறும். பிளக்-இன் வண்டியில் நிகழ்வது வேறு. வேகமாக முந்திச் செல்லக் காலை அழுத்துகின்றோம். உறங்கிய எஞ்சின் விழித்து இரண்டு நிமிடம் உழைக்கின்றது. பின் மீண்டும் உறங்கிவிடுகின்றது. எண்ணெய் சூடாவதற்கு நேரமேது? சேர்ந்த நீரும் பெற்றோலும் சேர்ந்தபடியே கிடந்து, நாளடைவில் அமிலமும் சகதியும் ஆகின்றன. அமிலத்தை முறிப்பதற்கென எண்ணெயிற் சேர்த்துள்ள காரப் பொருள்களும் சிறிது சிறிதாகச் செலவாகிவிடுகின்றன.

எனவே என் நண்பரின் கூற்று பொருந்தாது. ஓடாத எஞ்சினிலும் எண்ணெய் முதுமையடையும். விளக்கில் எரிந்து தீரும் எண்ணெயைவிட, ஏற்றாமல் விட்ட எண்ணெயே சிக்குப் பிடிக்கும் என்பதை நம் வீட்டுப் பெண்கள் அறிவர்.

பாஸ் சொன்ன கணக்கும் இவ்வண்டிக்கு முற்றும் பொருந்துவதன்று. முகப்பிலுள்ள எண் வண்டி ஓடிய தூரத்தைக் காட்டும். எஞ்சின் ஓடிய தூரத்தைக் காட்டாது. ஐயாயிரம் கிலோமீற்றரில் எஞ்சின் பங்கு ஆயிரமாக இருத்தலுங் கூடும். வண்டி செய்வோரும் இதனை உணர்ந்துள்ளனர். 2010ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த செவ்ரொலே வோல்ட் வண்டியில், எண்ணெயின் எஞ்சிய ஆயுளைக் கணினியே கணித்துச் சொல்லும். ஆனாலும் கணினி என்ன சொன்னாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையேனும் மாற்றுக என்பது அதன் கைந்நூலின் கட்டளை. எஞ்சின் ஏறக்குறைய ஆறு வாரம் ஓடாதிருந்தால், அவ்வண்டி தானே அதனைச் சில நிமிடம் ஓட்டிப் பார்க்கும். 2013ஆம் ஆண்டு யப்பானில் வெளிவந்த மிற்சுபிசி அவுட்லாண்டர் பிளக்-இன் வண்டியிலும், பல மாதம் புதிய பெற்றோல் ஊற்றாதுவிட்டால் எஞ்சின் தானாக இயங்கும் ஏற்பாடு உண்டு.

“சந்தேகமானால் அடிக்கடி மாற்றிவிட்டாற் போகின்றது” என்பாரும் உளர். அதிலும் கேடுண்டு. நல்ல எண்ணெயை வீணே வடிப்பது பணச் செலவு மட்டுமன்று. ஒரு வண்டியிலிருந்து ஒருமுறை வடிக்கும் எண்ணெய், பத்து இலட்சம் கலன் நன்னீரைக் கெடுக்க வல்லது என்று அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனம் எச்சரித்துள்ளது. எங்கள் பகுதிக்கு அண்மையிலேயே சென் செபஸ்தியன் கால்வாய் ஓடுகின்றது. வடித்த எண்ணெய் கானுக்குள் ஊற்றப்படாமல் முறையாகச் சேகரிக்கப்படுகின்றதா என்று கராஜில் ஒரு வார்த்தை கேட்பது நம் கடமை.

இவையெல்லாவற்றையும் சீர்தூக்கி யான் கைக்கொண்ட ஒழுங்கு இது. கைந்நூலிற் கண்ட தூரம் வராவிடினும், ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெயும் வடிகட்டியும் மாற்றுகின்றேன். தைப் பொங்கலை அடுத்த வாரம் என்று வைத்துக்கொண்டதால் மறதி நேர்வதில்லை. நூல் கூறும் தரத்திலேயே, எனது வண்டிக்கு 0டபிள்யூ-20 என்னும் மெல்லிய எண்ணெயையே, இடுகின்றேன். கொழும்பு வெயிலுக்குத் தடித்த எண்ணெய்தான் உகந்தது என்னும் பேச்சுக்குச் செவிகொடுப்பதில்லை. மாதம் ஒருமுறை மின்கலத்தைச் சேமிப்பு நிலையில் வைத்து, எஞ்சினில் அரைமணி நேரத்துக்குக் குறையாது நெடுஞ்சாலையில் ஓடுகின்றேன். யாழ்ப்பாணப் பயணம் வாய்த்தால் அதுவே எண்ணெய்க்கு நல்ல மருந்து.

இவற்றோடு மாதந்தோறும் எண்ணெய்க் கோலை இழுத்துப் பார்க்கின்றேன். எண்ணெய் குறைந்திருந்தாற் கவலைப்படுவோம், கூடியிருந்தால் மகிழ்வோம். இவ்வண்டியிற் கூடியிருப்பதும் கவலைக்குரியதே. மட்டம் உயர்ந்து பெற்றோல் மணமும் வீசினால், பெற்றோல் கலந்துவிட்டது என்பது பொருள். ஆண்டு முடியுமுன்னரே மாற்றிவிடல் வேண்டும். மூடியின் உட்புறத்தில் வெண்ணெய் போன்ற நுரை சிறிது படிந்திருந்தால் அது பெரும்பாலும் நாம் மேற்கூறிய நீரே. நெடும்பயணம் ஒன்றில் நீங்கிவிடும். அதனோடு குளிர்நீரும் குறைந்துவந்தால் நோய் வேறு. அன்றே கராஜுக்குக் கொண்டுசெல்க.

பாஸிடம் இவ்வொழுங்கைக் கூறினேன். அவர் கோலை இழுத்து, விரலில் எண்ணெயைத் தேய்த்து மோந்து பார்த்து, “சரிதான் ஐயா, இந்த வண்டிக்கு வருசக் கணக்குத்தான்” என்றார். சமன்பாடு எழுதாமலே அவர் விரல் அறிந்திருந்தது. இன்று ஆய்வுகூடத்தில் நிற்கும் மாணவத் தம்பிமாருக்கு ஒன்று சொல்வேன்: நீங்கள் சமநிலைப்படுத்தும் சமன்பாடு ஒவ்வொன்றும் எங்கோ ஒரு தொட்டிக்குள் நிகழ்ந்துகொண்டேயிருக்கின்றது. பரீட்சை முடிந்ததும் அதனை மறந்துவிட வேண்டா.