பெரியப்பா விரலுக்கு ஏத்த ராடு

மீன் பிடிக்க எந்த ராடு, எந்த ரீல் வாங்கலாம்னு யூடியூப்ல தேடிப் பாருங்க மக்களே. வர்ற வீடியோவுல முக்கால்வாசி அமெரிக்கக்காரங்க போட்டது. ஒரு கூட்டம் ஏரியில பாஸ் மீன் பிடிக்கும். இன்னொரு கூட்டம் கரையோரக் கடல்லயும் கழிமுகத்துலயும் பிடிக்கும், அதுக்கு இன்ஷோர்னு பேர். ரெண்டு கூட்டமும் கடைசியில "7 அடி, மீடியம் ஹெவி, ஃபாஸ்ட் ஆக்‌ஷன்"னு சொல்லி முடிச்சிடுவாங்க. எனக்கு அந்தப் பதில் போதல. ஏன்னா நான் ராடு தேடினது எனக்கு இல்ல, வலது கை ஆள்காட்டி விரல் மடங்காத 57 வயசு ஆளுக்கு.

என் பெரியப்பா பரங்கிப்பேட்டை பக்கம். வெள்ளாத்து முகத்துவாரத்துல 30 வருஷத்துக்கு மேல கைத்தூண்டில் போட்டவர். ராடு கிடையாது, ரீல் கிடையாது. ஒரு கட்டையில சுத்தின தங்கூஸ், ஒரு ஈயக்குண்டு, முள், உயிர் இறால். அவ்வளவுதான். நான் ஃபர்ஸ்ட் இயர் சேரும்போது ஹாஸ்டலுக்குக் கட்டின பணத்துல பாதி, அவர் கொடுவா வித்த காசு. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு பெரிய திருக்கை முள்ளுல மாட்டி, விரல்ல சுத்தியிருந்த நரம்போட இழுத்துட்டுப் போயிடுச்சு. காயம் ஆறிடுச்சு, விரல் மடங்கல. அதுக்கப்புறம் அவர் தண்ணிப் பக்கமே போகல. சாயங்காலமானா வாசல்ல உட்கார்ந்து ரோட்டைப் பார்ப்பார். பெரியம்மா போன்ல சொல்றப்போ, "உடம்புக்கு ஒண்ணும் இல்லடா, சும்மா உட்கார்ந்திருக்காரு, அதான்"னு சொல்லும்.

நரம்பு விரலை ஏன் அறுக்குதுன்னு மெக்கானிக்கல் பசங்களுக்குச் சொல்லவே வேண்டாம். பெல்ட் டிரைவ்ல படிச்ச அதே கணக்குதான். இழுவிசையை ஆரத்தாலயும் நரம்போட அகலத்தாலயும் வகுத்தா அழுத்தம். 10 கிலோ இழுவை, விரலோட ஆரம் 9 மி.மீ., நரம்பு 0.8 மி.மீ.ன்னு போட்டா 13 மெகா பாஸ்கலைத் தாண்டுது. அதாவது காற்றழுத்தத்தைப் போல 130 மடங்கு. அதுவும் ஒரே கோட்டுல.

இன்டர்ன்ஷிப்ல ஸ்டைபண்ட் வந்தப்போ, 7,000 ரூபாய்க்குள்ள அவருக்கு ஒரு செட் வாங்கிடணும்னு முடிவு பண்ணினேன்.

முதல் சந்தேகம், அமெரிக்கக்காரன் சொல்றது நமக்குப் பொருந்துமா? அவங்க கொண்டாடுற லார்ஜ்மவுத் பாஸ் நம்ம கழியில கிடையாது. அது நன்னீர் மீன், சன்ஃபிஷ் குடும்பம். 1932-ல ஜார்ஜியா மாநிலத்துல ஜார்ஜ் பெர்ரி பிடிச்ச 22 பவுண்டு 4 அவுன்ஸ் மீன்தான் அதுல உலக சாதனை, சுமார் 10 கிலோ. அத்தனை வருஷம் கழிச்சு 2009-ல ஜப்பான் பிவா ஏரியில மனாபு குரிட்டா பிடிச்சது அதைச் சமன் பண்ணுச்சு, அவ்வளவுதான். நம்ம கொடுவா வேற ஜாதி. இங்கிலீஷ்ல ஏசியன் சீ பாஸ், ஆஸ்திரேலியாவுல பாராமுண்டி. 10 கிலோ இதுக்கு ஒரு பெரிய விஷயமே இல்ல.

ஆனா புளோரிடா கழிமுகத்துல ஸ்னூக்னு ஒரு மீன் இருக்கு. அது கொடுவாவுக்குச் சொந்தக்கார மீன் மாதிரியே நடந்துக்கும். அலையாத்தி வேர், பாலத்துத் தூண், கல்லு ஓரம்னு ஒளிஞ்சிருந்து பாயும். ரெண்டுக்கும் செவுள் மூடி பிளேடு மாதிரி. ரெண்டுமே முதல்ல ஆணா இருந்து, வளர்ந்தப்புறம் பெண்ணா மாறும். அதனால பாஸ் வீடியோவை விட்டுட்டு, ஸ்னூக் பிடிக்கிறவங்க என்ன ராடு வெச்சிருக்காங்கன்னு பார்த்தேன். வழி அங்கதான் கிடைச்சுது.

சென்னையில ஒரு பெரிய கடைக்குப் போனேன். பேர் வேண்டாம். அங்க இருந்த அண்ணன் என்னைப் பார்த்ததும் பெய்ட்காஸ்டர் ரீலை எடுத்து நீட்டினார். "11 பேரிங் தம்பி, 10 கிலோ டிராக்"னார். யாருக்கு, என்ன இரை, எங்க போடப் போறீங்கன்னு ஒரு கேள்வி கேட்கல. நான் விரல் விஷயத்தைச் சொன்னதும், "அப்போ இதுதான் கரெக்ட், கட்டை விரல் போதும்"னார். அந்த ஒரு பாயின்ட் மட்டும் நியாயமானது, அதை ஒத்துக்கணும்.

விஷயம் இதுதான். ஸ்பின்னிங் ரீல்ல ஸ்பூல் சுத்தாது, அசையாம நிக்கும். நரம்பு அதுல இருந்து வளையம் வளையமா கழண்டு போகும். துணி மில்லுல நூல்கண்டுல இருந்து நூல் உருவிக்கிட்டு வர்றதைப் பார்த்திருப்பீங்க, அதே வேலை. இந்த வகை ரீலுக்கு 1905-ல பேடன்ட் வாங்கின ஆல்ஃபிரட் இல்லிங்வொர்த்தும் இங்கிலாந்துல துணி மில் தொழில்ல இருந்தவர்தான். வீசும்போது வளைகம்பியைத் திறந்துட்டு, நரம்பை ஆள்காட்டி விரல் நுனியில மடக்கிப் பிடிச்சு, சரியான நேரத்துல விடணும். பெரியப்பாவுக்கு மடங்காதது அந்த விரல்தான்.

பெய்ட்காஸ்டர்ல ஸ்பூலே சுத்தும். கட்டை விரலால அழுத்தி வேகத்தைக் கட்டுப்படுத்தணும். இரை காத்துல வேகம் குறையும்போது ஸ்பூல் மட்டும் தன் நிலைமத்துல சுத்திக்கிட்டே இருந்தா நரம்பு குருவிக்கூடு ஆயிடும். கனமான செயற்கை இரை வீசுறவங்களுக்கு அது அருமையான சாமான். ஆனா பெரியப்பா போடப்போறது உயிர் இறால். குண்டோட சேர்த்தே 12, 15 கிராம்தான். அந்த எடையால ஸ்பூலைச் சுழற்றி எடுக்க நல்ல விலையுள்ள ரீல் வேணும், பழக்கமும் வேணும். கைப்பிடியும் வாங்குறப்போ எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான், மாத்த முடியாது. ஸ்பின்னிங்ல ஸ்குரூவைக் கழட்டி ரெண்டு பக்கமும் மாட்டிக்கலாம்.

ஒண்ணு, இடது கையால வீசக் கத்துக்கச் சொல்லணும். இல்ல, பெய்ட்காஸ்டர். இப்படியே ரெண்டு வாரம் யோசிச்சேன். அப்புறம் ரூம்மேட்டோட பழைய ஸ்பின்னிங் செட்டை வாங்கிக்கிட்டு ஊருக்குப் போனேன்.

"பெரியப்பா, சும்மா பிடிச்சுப் பாருங்க."

"இது என்னடா, சைக்கிள் பெடல் மாதிரி?"

வாங்கி அப்படி இப்படித் திருப்பினார். ரீல் காம்பை நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவுல விட்டார். நரம்பை நடுவிரல்ல கோத்தார். காலி ரோட்டுல ஒரு வீசு. குண்டு போய் எதிர்வீட்டு முருங்கை மரத்துக்கு அந்தப் பக்கம் விழுந்துச்சு. எந்த வீடியோவுலயும் எனக்கு இதைச் சொல்லித் தரல. மடங்காத ஆள்காட்டி விரல் ராடு மேல நேரா படுத்துக்கிச்சு. "நரம்பு தட்டுறது இந்த விரல்லதான் தெரியுது தம்பி"ன்னார். நான் முருங்கை மரத்துல சிக்கின நரம்பை எடுக்கப் போயிட்டேன். அங்க நின்னா அழுதிருப்பேன்.

ரீல் வகை முடிவாச்சு. இனி ராடு.

ராடுல ரெண்டு வார்த்தை எழுதியிருக்கும். பவர்னா வளைக்க எவ்வளவு பாரம் வேணும்கிறது. ஆக்‌ஷன்னா எங்க வளையுதுங்கிறது. ஃபாஸ்ட்னா நுனியில மட்டும், ஸ்லோன்னா அடி வரைக்கும். மீடியம், மீடியம் ஹெவிங்கிறதுக்கு எல்லா கம்பெனிக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒருத்தரோட மீடியம் இன்னொருத்தருக்கு ஹெவி. அதனால அந்தப் பேரை விட்டுட்டு, கீழ சின்னதா போட்டிருக்கிற நரம்பு பவுண்டையும் இரை கிராமையும் மட்டும் பாருங்க. பெரியப்பாவுக்கு நான் தேடினது 10-20 பவுண்டு, 10-30 கிராம்.

அடுத்தது கார்பன். "30 டன் கார்பன்"னு எழுதியிருந்தா 30 டன் தூக்கும்னு அர்த்தமில்ல. அது நாரோட யங்ஸ் மாடுலஸ், சதுர மில்லிமீட்டருக்கு இத்தனை டன்னுன்னு கணக்கு. 24 டன்னுன்னா சுமார் 235 கிகா பாஸ்கல். கண்ணாடி நார் 70 சொச்சம்தான். மாடுலஸ் கூடக்கூட ராடு லேசாகும், விறைப்பாகும், நொறுங்குறதும் சுலபமாகும். படகு விளிம்புல ஒரு அடி பட்டா போச்சு. பெரியப்பா சாமானைப் பூ மாதிரி வைக்கிற ஆள் இல்ல. அதனால கார்பனும் கண்ணாடி நாரும் கலந்த ராடு. கொஞ்சம் கனம், நடு வரைக்கும் வளையும். கடைக்காரர் இதை "பிகினர் ராடு"ன்னார். நுனி சாஃப்டா இருந்தாத்தான் கொடுவா இறாலை முழுங்குற வரைக்கும் சந்தேகப்படாது. அது கடைக்காரருக்குத் தெரியாது, பெரியப்பாவுக்குத் தெரியும்.

நீளம் 7 அடி. பீச்ல வீசுறவங்க 10, 12 அடி வெச்சிருப்பாங்க. ஆனா ஒரு விஷயத்தை யாரும் சொல்றதில்ல. ராடு நமக்குச் சாதகமான நெம்புகோல் இல்ல, மீனுக்குச் சாதகமானது. ராடோட அடியை வயித்துல ஊனிக்கிறோம். கை அங்கிருந்து 35 செ.மீ. தூரத்துல. வளைஞ்ச ராடோட நுனி 1.5 மீட்டர் தூரத்துல. மீன் 3 கிலோ இழுத்தா கை தாங்க வேண்டியது கிட்டத்தட்ட 13 கிலோ! நல்லா வளையுற ராடுன்னா அந்த 1.5 மீட்டர் இன்னும் சுருங்கும். அதான் விறைப்பான நீள ராடு வேண்டாம்னேன். இந்த 13 கிலோவும் உள்ளங்கையில பரவி நிக்குது, விரல்ல ஒரே கோட்டுல இல்ல.

இந்தக் கணக்குல பார்த்தா பெட்டியில போட்டிருக்கிற 10 கிலோ டிராக் வெறும் விளம்பரம். நரம்போட பலத்துல நாலுல ஒரு பங்கு, அதிகபட்சம் மூணுல ஒரு பங்குதான் டிராக் வைக்கணும். 9 கிலோ நரம்புக்கு 2.5 கிலோ. ஹாஸ்டல்ல லக்கேஜ் தூக்கிப் பார்க்குற கொக்கித் தராசு இருக்குமே, அதுல நரம்பைக் கட்டி இழுத்து நானே செட் பண்ணினேன். இதுலயும் ஒரு நுணுக்கம். ஸ்பூல் நிறைய நரம்பு இருக்கும்போது ஆரம் 24 மி.மீ.ன்னா, மீன் இழுத்துட்டு ஓடி அது 18 மி.மீ. ஆனதும், அதே உராய்வுக்கு இழுவை 3.3 கிலோ ஆயிடும். மீன் தூரம் போகப்போக டிராக் தானாவே டைட் ஆகுது. அந்த நேரத்துல போய் குமிழை இன்னும் முறுக்குறவங்கதான் நரம்பை அறுத்துக்கிறாங்க.

ரீல் 4000 சைஸ், கியர் 5.2:1. கைப்பிடி ஒரு சுத்துக்கு ரோட்டர் 5.2 சுத்து, சுமார் 75 செ.மீ. நரம்பு வரும். 6.2 வேகமாச் சுருட்டும், ஆனா பாரம் இருக்கும்போது கைக்கு வலி. உயிர் இறாலுக்கு வேகம் எதுக்கு? பேரிங் எத்தனைன்னு நான் எண்ணல. உப்புத்தண்ணியில துருப்பிடிக்க ஒரு சாமான் கூடுதல், அவ்வளவுதான்.

நரம்பு விஷயத்துல மட்டும் எல்லா வீடியோவுக்கும் எதிரா போனேன். எல்லாரும் பின்னல் நரம்பு, பிரெய்டு போடச் சொல்வாங்க. மெலிசு, நீளாது, தூரம் போகும். எல்லாம் உண்மை. ஆனா 30 வருஷம் கைத்தூண்டில் போட்டவர், மீன் கரைக்கு வந்ததும் யோசிக்காம நரம்பைக் கையால பிடிப்பார். பிரெய்டைப் பிடிச்சா இன்னொரு விரல். அதனால 0.40 மி.மீ. மோனோ, அதாவது அவருக்குப் பழகின தங்கூஸ்தான். முனையில செவுளுக்குத் தாங்குற மாதிரி தடிமனா ரெண்டு முழம்.

எல்லாம் சேர்த்து 6,400 ஆச்சு. இடி மின்னல் நேரத்துல ராடைத் தூக்கக்கூடாது, கார்பன் கரன்ட் கடத்தும்னு ஐப்பசி பிறக்கும் முன்னாடியே மூணு தடவை சொல்லிட்டேன். "நாங்க இடி பார்த்ததில்லையா"ன்னு கேட்டார். ஆனா தினமும் வீட்டுக்கு வந்ததும் ரீலை நல்ல தண்ணியில கழுவித் துடைச்சு வைக்கிறாராம். பெரியம்மா கம்ப்ளெயின்ட், அவர் குளிக்கிறதை விட ரீல் அதிகமா குளிக்குதாம்.

முதல் வாரம் கிழங்கான், ஒரு சின்ன செப்பிலி. மூணாவது வாரம் வத்தம் திரும்புற நேரத்துல ஒன்றரைக் கிலோ கொடுவா. போட்டோ அனுப்பினார், பாதி மீன், பாதி அவரோட கட்டை விரல். அதுக்குக் கீழ வாய்ஸ் மெசேஜ்ல ஒரு புகார். கைப்பிடிக் குமிழ் சின்னதா இருக்காம், ஈரக் கையில வழுக்குதாம், பெருசா ஒண்ணு வேணுமாம். 38 மி.மீ.ன்னு அளவும் சொல்லியிருக்கார், இஞ்சுலயும் சேர்த்து. ஒர்க்‌ஷாப் அண்ணன்கிட்ட கேட்டேன். நைலான் உருளை ஒரு துண்டு கிடக்கு, வியாழக்கிழமை லேப் முடிஞ்சதும் லேத்துக்கு வாடான்னு சொல்லியிருக்கார்.