ஒரு படகு, ஒரு மணல்திட்டு

ஒரே இடத்தில் நிகழும் திகில் படம் சலிப்பூட்டும் என்பார் உளர். ஹிட்ச்கொக்கின் ‘லைஃப்போட்’ (1944) முழுவதும் ஒரு படகில்தான் நிகழ்கிறது. கப்பலைத் தாக்கிய ஜேர்மனியனும் அதிலேயே ஏறிவிடுகிறான்; அதன்பின் கண்ணை எடுக்க முடிவதில்லை. பார்த்திபனின் ‘ஒத்த செருப்பு’ (2019) படத்தில் ஒரே நடிகர். ஏனையோர் வெறும் குரல்கள். பேச்சுச் சற்று மிகுதி, ஆயினும் தாங்கியது.

மன்னார்க் கரையில் வாழும் எனக்கு இந்த ஐயம் எழுவதில்லை. 2022 மார்ச்சில், பொருளாதார நெருக்கடிக்குத் தப்பிக் குழந்தைகளுடன் சென்ற சிலர் அரிச்சல்முனைக்கு அருகே மணல்திட்டொன்றில் இறக்கிவிடப்பட்டனர். இந்தியக் கரையோரக் காவற்படை மீட்கும்வரை அத்திட்டே அவர்களின் உலகம். யார் வருவாரோ எனக் கடலையே நோக்கியிருந்த அந்த நேரத்தை எவரேனும் இடம் மாற்றாமல் படமாக்கினால், முதல் நாளே பார்ப்பேன்.