`மட்டன்'னு சொன்னேன்... அது பன்னிக்கறி! - மாத்தூர் வீட்டு ஞாயிற்றுக்கிழமை

ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு கேள்வி தவறாமல் வரும். “இன்னிக்கு யார் வீட்ல என்ன ஸ்பெஷல்?” ஒருவர் பிரியாணி போட்டோ போடுவார். இன்னொருவர் வஞ்சிரம் வறுவல். நான் எப்போதும் ஒரே வார்த்தையைத்தான் டைப் செய்வேன். `மட்டன்.'

அன்றைக்கு என் தோளுக்குப் பின்னால் நின்று தம்பி எட்டிப் பார்த்துவிட்டான். “அம்மா, அக்கா பன்னிக்கறியை மட்டன்னு சொல்லுது” என்று கத்தினான். அம்மா சமையலறையிலிருந்து வெளியே வந்தார். கோபப்படவில்லை. “ஏன்மா, நாம என்ன திருடியா சாப்பிடுறோம்?” என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

எங்கள் வீடு மணலியை ஒட்டிய மாத்தூர் எம்.எம்.டி.ஏ-வில் இருக்கிறது. அப்பா கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறார். துறைமுகத்துக்குப் போகும் வரிசையில் வண்டி நின்றுவிட்டால் எப்போது நகரும் என்று சொல்ல முடியாது. டிரிப் கணக்கில்தான் அவருக்குச் சம்பளம். வரிசை நீண்டால் டிரிப் குறையும். டிரிப் குறைந்தால் எங்கள் வீட்டில் முதலில் அடிபடுவது ஞாயிற்றுக்கிழமைக் கறிதான். என் சம்பளத்தில் பாதி தம்பியின் காலேஜ் ஃபீஸுக்குப் போய்விடும்.

கடைசியாக விலை கேட்டபோது எங்கள் பக்கம் ஆட்டுக்கறி கிலோ 900 ரூபாய். பன்றிக்கறி 340. “அந்த 560 ரூபாய்ல ஒரு வாரத்துக்குப் பாலும் காய்கறியும் வந்துடும்” என்பது அம்மாவின் கணக்கு.

ஆனால், காசுக்காக மட்டும் இந்தக் கறி எங்கள் வீட்டுக்குள் வரவில்லை. எங்கள் ஆயா ராயபுரத்தில், ரயில்வே வேலை பார்த்த ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தில் சமையல் வேலை செய்தவர். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் ராயபுரம் ஸ்டேஷனிலிருந்துதான் கிளம்பியது. ரயில்வேயை நம்பி வாழ்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் ராயபுரத்திலும் பெரம்பூரிலும் நிறைய இருந்தன. அப்படி ஒரு வீட்டில் ஆயா கற்றுக்கொண்டதுதான் `விண்டாலு'.

விண்டாலு என்றால் உருளைக்கிழங்கு போட்ட கறி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால், அதில் இருக்கும் `ஆலு' கிழங்கு இல்லை. ஒயினும் பூண்டும் சேர்த்து ஊறவைத்த இறைச்சிக்கான போர்ச்சுக்கீசியப் பெயர், நம் வாயில் விண்டாலு ஆகிவிட்டது. கோவாவில் ஒயினுக்குப் பதிலாக வினிகர் வந்தது, மிளகாய் சேர்ந்தது. ஆயாவின் சட்டியில் நிஜமாகவே உருளைக்கிழங்கும் விழுந்துவிட்டது. கறி குறைவாக வாங்கும் வாரத்தில் குழம்பு எல்லோருக்கும் வர வேண்டுமே!

ஆயா குமுட்டி அடுப்பில் கரி போட்டு, மண்சட்டியை ஏற்றிவிட்டு, துணி துவைத்து, தண்ணீர் பிடித்து, எல்லா வேலையும் முடித்துவிட்டு வருவார். கறி அதுபாட்டுக்கு வெந்துகொண்டிருக்கும். ஆயா போன பிறகு குமுட்டியும் போனது. அம்மா பிரஷர் குக்கருக்கு மாறினார். வேலை சீக்கிரம் முடியும். ஆனால், இரண்டு விசில் கூடிவிட்டால் சதை நார் நாராகிவிடும்.

போன தீபாவளி போனஸில், ஆன்லைன் தள்ளுபடியில் ஒரு ஸ்லோ குக்கர் வாங்கினேன். இந்தக் கருவிக்கு 1940-ல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியவர் இர்விங் நாக்ஸன். லிதுவேனியாவில் ராத்திரி முழுக்க ரொட்டிக்கடை அடுப்பில் வெந்த குழம்பைப் பற்றி அவருடைய அம்மா சொன்ன கதைதான் அதற்குக் காரணமாம். படித்ததும் ஆயாவின் குமுட்டி ஞாபகம்தான் வந்தது.

அம்மாவின் முதல் கேள்வி, “எட்டு மணி நேரமா? கரன்ட் பில்லை யார் கட்டுறது?” குக்கரின் அடியில் 200 வாட் என்று போட்டிருந்தது. எட்டு மணி நேரம் ஓடினாலும் 1.6 யூனிட்தான். மாதம் நான்கு ஞாயிறு சமைத்தால் ஆறரை யூனிட்டைத் தாண்டாது. கணக்கைக் காட்டியதும்தான் பிளக்கைத் தொடவிட்டார்.

எங்கள் வீட்டுப் பக்குவம் இதுதான். தொடை அல்லது தோள்பட்டைக் கறி ஒரு கிலோ, கொஞ்சம் கொழுப்போடு. விலை குறைந்த, நன்றாக உழைத்த இந்தப் பகுதிகள்தான் மெதுவான சூட்டுக்கு ஏற்றவை. இவற்றில் இருக்கும் கொலாஜன் மணிக்கணக்கில் வேகும்போது ஜெலட்டினாகக் கரைந்து குழம்பைக் கெட்டியாக்கும். 10 காய்ந்த மிளகாயை 4 டேபிள்ஸ்பூன் வினிகரில் ஊறவைத்து, 2 முழுப் பூண்டு, ஒரு துண்டு இஞ்சி, சீரகம், மிளகு, அரை டீஸ்பூன் கடுகு, ஒரு துண்டு பட்டை, மஞ்சள்தூள் சேர்த்து அரைக்க வேண்டும். உப்போடு கறியில் பிசறி, ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் வைக்கவும். காலையில் கால் கிலோ சின்ன வெங்காயத்தை வதக்கி, குக்கரில் அடியில் உருளைக்கிழங்கு, மேலே வெங்காயம், கறி, அரை டம்ளர் தண்ணீர். முதல் ஒரு மணி நேரம் `ஹை', பிறகு ஆறேழு மணி நேரம் `லோ'. நடுவில் மூடியைத் திறக்கக் கூடாது. முடிந்ததும் மேலே மிதக்கும் கொழுப்பைக் கரண்டியால் எடுத்துவிடலாம்.

இரண்டு விஷயங்களில் மட்டும் அலட்சியம் வேண்டாம். சரியாக வேகாத பன்றிக்கறியில் நாடாப்புழு ஆபத்து உண்டு. அதனால் ஃப்ரீஸரிலிருந்து எடுத்த கறியைக் கட்டியாக அப்படியே போடக் கூடாது. நடுவில் கரன்ட் போனால் காத்திருக்காமல் பிரஷர் குக்கருக்கு மாற்றிவிட வேண்டும்.

முதல் நாள் சமைத்தபோது அம்மா மூடியைத் தொட்டுப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். “இதுல விசிலே இல்லை. வெளிய வாசனை போகாது பாரு.” எனக்குச் சுருக்கென்றது.

முன்பு நாங்கள் இருந்த வாடகை வீட்டில், `அந்தக் கறி மட்டும் சமைக்கக் கூடாது' என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தார்கள். அம்மா ஜன்னலைச் சாத்தி, சாம்பிராணி போட்டுவிட்டுச் சமைப்பார். எலும்பை நியூஸ்பேப்பரில் சுற்றி, நான்கு தெரு தள்ளி இருக்கும் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வருவது என் வேலை. வழியில் யாராவது கேட்டால் `மட்டன் எலும்பு' என்று சொல்லிக்கொடுத்ததும் அம்மாதான். அந்த வீட்டைக் காலி செய்து நான்கு வருடமாகிறது. இங்கே யாரும் எதுவும் சொல்வதில்லை. ஆனாலும் அம்மா ஜன்னலைச் சாத்துகிறார். நான் `மட்டன்' என்று டைப் செய்கிறேன்.

ஒரு பிறந்தநாள் டிரீட்டுக்கு ஆபீஸ் நண்பர்கள் நுங்கம்பாக்கத்தில் ஒரு ரெஸ்டாரன்ட்டுக்கு அழைத்துப் போனார்கள். `போர்க் ரிப்ஸ்' ஆர்டர் செய்தார்கள். ஒரு பிளேட் விலையில் எங்கள் தெருவில் இரண்டு கிலோ வாங்கலாம். அங்கே அது ஸ்டைல். அதுவே பன்னிக்கறி என்றால் `எந்த ஏரியா, எந்த ஆளுங்க' என்று பார்வை மாறும். மதநம்பிக்கைக்காகச் சாப்பிடாதவர்களை எனக்குப் புரிகிறது. சாப்பிடுகிறவர்களின் சாதியைக் கணக்குப்போடும் முகச்சுளிப்புதான் பிரச்னை.

அம்மா அந்தக் கேள்வியைக் கேட்ட மறுநாள், மீதியிருந்த விண்டாலுவை டப்பாவில் கொண்டுபோனேன். திறப்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன். “இது பன்னிக்கறி. வேணும்னா எடுத்துக்கங்க.” கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. ஒருவர் “எனக்கு வேணாம்ப்பா” என்று சொல்லிவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து தன் தயிர் சாதத்தைச் சாப்பிட்டார். ஈரோட்டுக்காரர் ஒருவர், “எங்க பக்கம் வெண்பன்றி வறுவல்னு போர்டே வெச்சிருப்பாங்க” என்று சப்பாத்தியால் குழம்பை வழித்தார். இன்னொருவர் போன் வந்ததுபோல எழுந்து வேறு டேபிளுக்குப் போய்விட்டார். அது வலித்தது. ஆனால், வாராவாரம் பொய் டைப் செய்யும்போது இருந்த உறுத்தல் இல்லை.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். எழுந்துபோனவரைப் பற்றியும் மறைக்கவில்லை. அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “ஈரோட்டுக்காரருக்கு உப்பு சரியா இருந்துச்சாமா?” என்றார்.

அடுத்த ஞாயிறு குக்கரை ஆன் செய்துவிட்டு, வழக்கம்போல ஜன்னல் பக்கம் போனார் அம்மா. சாத்தத்தான் போகிறார் என்று நினைத்தேன். கொக்கியை விலக்கி முழுசாகத் திறந்து வைத்தார்.

“உள்ள ஒரே புழுக்கமா இருக்கு” என்றார்.