நாலு சக்கரமும் இழுக்க ஒரு நிலம்

என் வண்டியில் கியர் குச்சிக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டைக் குச்சி உண்டு. அதன் தலையில் 2எச், 4எச், என், 4எல் என்று போட்டிருக்கும். மஹிந்திரா தார் ஜீப்பை வாங்கியதே அந்தக் குச்சிக்காகத்தான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். தரை இடைவெளி 226 மில்லிமீட்டர், 650 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீரில் இறங்கும் என்றெல்லாம் யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஒப்பிப்பேன். ஆனால் அந்தக் குச்சியை வெகுகாலம் நான் தொட்டதே இல்லை. மதுரையில் வீடு, அலுவலகம், விட்டால் மாமனார் ஊருக்கு நான்குவழிச் சாலை. வண்டியில் அப்பிய சேற்றைக் கழுவாமல் வைத்துக்கொண்டு அலுவலக வாசலில் நிறுத்துகிற அற்பத்தனமும் இருந்தது. அது குழாய் பதிக்கத் தோண்டிப்போட்ட எங்கள் தெருச் சேறு.

நாலு சக்கரமும் இழுக்கும் 4எச்சைத் தார்ச்சாலையில் போட்டுப் பழகவும் முடியாது. இந்த வகை வண்டிகளில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே, இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் திரும்பும்போது முன் சக்கரங்கள் கூடுதல் தூரம் ஓடியாக வேண்டும். மண்ணில் என்றால் டயர் லேசாக வழுக்கி அந்த வித்தியாசத்தைக் கழித்துவிடும். தாரில் அதற்கு வழியில்லாமல் முறுக்கெல்லாம் பற்சக்கரங்களில் ஏறும். ஆக, பழகுவதற்கே மண் வேண்டும். மகாராஷ்டிரத்தில் இகத்புரியில் மஹிந்திரா நடத்தும் பயிற்சிக்கூடம் இருக்கிறது. அவ்வளவு தூரம் போகிற விடுப்பு எனக்கு எந்தக் காலத்திலும் கிடைக்காது.

முதலில் ஆசைப்பட்டது தேரி. திருச்செந்தூர்ப் பக்கம் குதிரைமொழித் தேரியின் செம்மணலைப் பார்த்தவர்களுக்குக் கை துறுதுறுக்காமல் இருக்காது. ஆனால் அது காப்புக்காடு. 1882ஆம் வருட வனச் சட்டப்படி அனுமதியில்லாமல் உள்ளே போவதே குற்றம், வண்டியோடு போவது பிறகு. அடுத்து கடற்கரை. கடற்கரை மணல்மேடுகளும் ஆமை முட்டையிடும் இடங்களும் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையில் மிகுந்த பாதுகாப்புக்குரிய பகுதிகள். தை, மாசியில் பங்குனி ஆமைகள் கரையேறி மணலுக்குள் முட்டை புதைத்துவிட்டுப் போயிருக்கும். மேலே டயர் ஏறினால் ஏறியவனுக்குக்கூடத் தெரியாது.

வைகை? நம் ஊரில் ஆற்றுக்குள் ஒரு வண்டி இறங்கினால் பார்க்கிறவர்களுக்கு முதலில் தோன்றுவது மணல் திருட்டுதான். அதை மறுத்துப் பேசிக்கொண்டிருக்க எனக்குத் தெம்பில்லை. மேலூர்ப் பக்கம் கைவிட்ட கிரானைட் குவாரிகளின் விளிம்பில் நின்று கீழே தேங்கிய பச்சைத் தண்ணீரைப் பார்த்ததுமே திரும்பிவிட்டேன். அந்த வட்டாரத்துப் பாறைக் குன்றுகள் ஆசை காட்டின. அதிலும் அரிட்டாபட்டி 2022இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். டயர் தடம் பதிக்கிற இடமா அது?

மிஞ்சியது கண்மாய்.

கோடையில் வற்றிய கண்மாயைக் கரைமேல் நின்று பார்த்தால் இதைவிட நல்ல மைதானம் உலகத்தில் இல்லை என்றுதான் தோன்றும். ஒரு ஞாயிறு காலை, சிவகங்கைப் பக்கம், வண்டியைக் கரையிலிருந்து இறக்கப்போனேன். உள்ளே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் கையைத் தூக்கி நிறுத்தினார். ராமநாதபுரத்துக் கீதாரி. ஆடுகளோடு ஊர் ஊராகப் போய்க் கிடை போடுகிறவர்.

"எங்கிட்டு தம்பி போறீக?"

"சும்மா ஓட்டிப் பாக்கலாம்னு, அய்யா."

அவர் பதில் சொல்லாமல் நடந்தார். நானும் இறங்கிப் பின்னால் போனேன். மடைக்குக் கொஞ்சம் முன்னால் நின்று, வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்த தரையில் கம்பை ஊன்றி அழுத்தினார். மேல் ஓடு முறிகிற சத்தம் கேட்டது. பிறகு சத்தமே இல்லாமல் முழங்கை அளவுக்குக் கம்பு உள்ளே போயிற்று. இழுத்தபோது நுனியில் ஈயநிறச் சேறு வழிந்தது.

"மேலாக்கத்தான் காஞ்சிருக்கு. உள்ள பூராம் உளை. மடைப்பக்கந்தே வண்டல் அம்புட்டும் வந்து தங்கும். மாடு எறங்குனாலே தூக்க ஆள் வேணும்."

திரும்பி வரும்போது ஒரு ஜோடி ஆட்காட்டிகள் தலைக்குமேல் கத்திக்கொண்டு சுற்றின. பெரியவர் கம்பால் ஒரு இடத்தைக் காட்டினார். உற்றுப் பார்த்தும் எனக்குச் சரளைக்கல்தான் தெரிந்தது. குனிந்த பிறகுதான் கல்லுக்கு நடுவே நான்கு முட்டைகள். கூடு என்று ஒன்றும் இல்லை, வெறும் தரை. நான் வண்டியை விட நினைத்திருந்த தடத்திலிருந்து பத்தடிகூட இருக்காது.

அதுவரை நான் தேடியதெல்லாம் ஆளில்லாத இடம். ஆளில்லாவிட்டால் கேட்பாரில்லை, இடித்தாலும் நஷ்டமில்லை, சொதப்பினால் சிரிக்கவும் ஆளில்லை. கடைசிக் காரணம்தான் பெரிய காரணம் என்பதை இப்போது கூச்சமில்லாமல் சொல்லலாம். பெரியவர் கேட்டது நேர் எதிரான கேள்வி: "மாட்டிக்கிட்டா யாரு இழுப்பா?" அந்தக் கேள்விக்கு விடையுள்ள நிலத்தையும் அவரே சொன்னார். அருப்புக்கோட்டைப் பக்கம் அவர் வருஷாவருஷம் கிடை போடுகிற புஞ்சைக்காரரிடம் டிராக்டர் இருக்கிறது, புஞ்சையை ஒட்டி வெள்ளாமைக்கு ஆகாத கல்லாங்குத்தும் ஓடையும் கிடக்கின்றன.

அந்தப் புஞ்சைக்கார அண்ணனைப் போய்ப் பார்த்தேன். சர்வே எண்ணை வாங்கி இணையத்தில் அ-பதிவேட்டைப் பார்த்தேன். பட்டாதான், ஓடை உட்பட. இதை முதலிலேயே செய்திருந்தால் பாதி அலைச்சல் மிச்சம். எந்த நிலம் பட்டா, எது புறம்போக்கு என்று அங்கேயே தெரிந்துவிடும். வண்டியை இறக்கும் முன் அவர் என்னை நடக்கவைத்தார். கருவேலம் புதருக்குப் பின்னால் சுற்றுச்சுவரே இல்லாத ஒரு பழைய கிணறு, தரையோடு தரையாக. பானெட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தால் அது கண்ணிலேயே படாது. நம் கிராமங்களில் இப்படிப்பட்ட கிணறுகளுக்குக் கணக்கே இல்லை. அதைச் சுற்றிச் சுண்ணாம்பால் கோடு போட்டுவிட்டுத்தான் சாவியைத் திருப்பினேன்.

ஓடையில் இடம் வலமாக மாற்றி இரண்டு குழிகள். ஒரு முன் சக்கரமும் எதிர்மூலைப் பின் சக்கரமும் குழிக்குள் தொங்க, மற்ற இரண்டின் மேல்தான் பாரமெல்லாம் நிற்கும். இன்ஜின் சக்தி சுலபமாகச் சுற்றுகிற சக்கரத்துக்கே ஓடும். தொங்குகிற சக்கரம் வீணாகச் சுழல, தரையைப் பிடித்திருக்கிற சக்கரம் அசையாது. என் வண்டியின் பின் அச்சில் தானாகப் பூட்டிக்கொள்ளும் டிஃபரன்ஷியல் உண்டு. இரண்டு பக்கச் சுழற்சிக்கும் நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று வித்தியாசம் வந்தால்தான் அது பூட்டும். சக்கரம் சுழல்கிற சத்தம் கேட்டதும் நான் பயந்து ஆக்ஸிலேட்டரை விட்டுவிடுவேன், அது பூட்டாது. அண்ணன் ஜன்னலோரம் நடந்துவந்து, "விடாத, அப்படியே புடி" என்றார். பிடித்தேன். அடியில் 'டக்' என்றது. வண்டி ஒரு குலுக்கலோடு குழியை விட்டு ஏறியது. நகர்ந்தது ஒரு வண்டி நீளம். எனக்கு வேர்த்து ஊற்றிவிட்டது.

சரிவில் இறங்கக் கற்றுக்கொண்டதும் அவரிடம்தான். நாலு சக்கரத்தையும் மெதுவாக, வலுவாக ஓட்டும் 4எல் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் தொழி உழவில் டிராக்டர் ஓட்டியே வளர்ந்தவர். "கிளட்ச்ச மிதிச்சா வண்டி உன் பேச்சக் கேக்காது" என்பார். 4எல்லில் முதல் கியர் போட்டு இரண்டு காலையும் எடுத்துவிட்டால் இன்ஜினே பிடித்து இறக்கும். கால் பெடலைத் தேடித் துடிக்கும். அதை அடக்குவதுதான் பழக்கம். சக்கரம் சுற்றியும் வண்டி நகரவில்லையா, உடனே நிறுத்தி, வந்த தடத்திலேயே பின்னால் எடுக்க வேண்டும். முறுக்க முறுக்கச் சக்கரம் தனக்குத் தானே குழி தோண்டும். அச்சு தரையில் உட்கார்ந்துவிட்டால் அப்புறம் மண்வெட்டிதான்.

அவர் ஒரு விஷயத்தில் மட்டும் என் பேச்சைக் கேட்டார். முதல் தடவை மாட்டியபோது சங்கிலியை டிரெய்லர் மாட்டும் குண்டில் கோக்கப் போனார். அந்தக் குண்டு உருட்டி இழுப்பதற்கு, பிடுங்கி இழுப்பதற்கு அல்ல. பிய்ந்தால் தோட்டா. ஆஸ்திரேலியாவில் அப்படி ஆட்கள் செத்திருக்கிறார்கள். சேசிஸில் பொருத்திய கொக்கியில் மாட்டி, தொய்வை எடுத்துவிட்டு மெல்ல இழுக்கச் சொன்னேன். வேடிக்கை பார்த்த பையன்களைச் சங்கிலி நீளத்தைவிடத் தள்ளி நிற்கவைத்தேன். முனகிக்கொண்டே செய்தார். அடுத்த தடவை அவரே பையன்களை விரட்டினார்.

நண்பர்கள் லொகேஷன் கேட்கிறார்கள். அனுப்புவதில்லை, அது அண்ணன் போட்ட நிபந்தனை. பத்து வண்டி வந்தால் பக்கத்துப் புஞ்சை வரப்பு தாங்காது. மழை விழுந்தாலும் போகக் கூடாது, நனைந்த கரிசல் டயரில் அப்பிக்கொண்டு நிலத்தையே பெயர்த்துவிடும். வாடகை என்று எதையும் வாங்க மாட்டார். டிராக்டருக்கு டீசல் போட்டுவிடுவேன், அவ்வளவுதான். போன வாரம் கிளம்பும் முன் போன் செய்தார். அருப்புக்கோட்டையில் உரக்கடை வழியாக வா, ரெண்டு மூட்டை ஏத்திக்கோ, ஓடைக்கு அந்தப் பக்கம் எறக்கணும் என்றார்.