கந்தையும் கணக்குக் கொப்பியும்

பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் வந்தபோது என்னிடம் இருந்தவை இரண்டு சாரங்களும் ஒரு சேட்டுமே. "புடவைக்கடை முதலாளியிடம் போய்க் கேள்" என்றார் அம்மா. மூன்று நாட்கள் கடைவாசல்வரை சென்றேன், வாய் எழவில்லை.

பொருநராற்றுப்படையிலே வரும் பொருநனுக்கு இவ்விடர் நேரவில்லை. ஈரும் பேனும் குடியிருக்க, வியர்வையில் நனைந்து, வேற்று நூலாலே தைக்கப்பட்டிருந்த அவனது கந்தையை நீக்கி, பாம்புரி போன்ற நுண்ணாடையைக் கரிகாலன் அளித்தான். எனினும் பொருநன் வெறுங்கையனாய்ச் சென்றவனல்லன். அவனிடம் தடாரியும் பாட்டும் இருந்தன. என்னிடம் அக்கடிதம் மாத்திரமே இருந்தது.

நான்காம் நாள் முதலாளியே அழைத்தார். "தம்பி, எப்ப வெளிக்கிடுறாய்?" என்றவர், மறுமொழிக்குக் காத்திராது இரண்டு காற்சட்டைக்கும் இரண்டு சேட்டுக்குமாகத் துணி வெட்டி, கணக்குக் கொப்பியிற் குறித்துக்கொண்டார்.

முதற் சம்பளத்தோடு கடனிறுக்கச் சென்றேன். "அந்தக் கொப்பி துலைஞ்சு போச்சு" என்றார். கொப்பி அவரது முழங்கையின் கீழே கிடந்தது.