அம்மாவைக் கேட்டீர்களா?

என் தந்தை மன்மத வருடத்தில் பிறந்தவர். தமிழ் வருடங்கள் அறுபதும் ஒரு சுற்றுச் சுற்றி, 2015-இல் மீண்டும் மன்மத வருடம் பிறந்தது. அறுபதாம் கல்யாணம் செய்து பார்க்கப் பிள்ளைகள் நாங்கள் ஆசைப்பட்டோம். பெற்றோரை மணையில் உட்கார வைத்து, கலச நீர் ஊற்றி, அப்பா கையால் மறுபடியும் தாலி கட்டச் செய்யும் சடங்கு அது. அதற்காகவே திருக்கடையூருக்குப் போகிறவர்கள் உண்டு. எங்கள் சக்திக்குத் தோட்டத்து மாரியம்மன் கோயிலே திருக்கடையூர்.

எல்லோரும் சம்மதித்தோம், அம்மாவைத் தவிர.

"மொதல் தடவையும் என்னை யாரும் கேக்கல. இப்பவும் நீங்களே முடிவு பண்ணிட்டீங்க" என்றார்.

அம்மா சொன்னதில் பிழையில்லை. 1978-இல், பதினெட்டு வயதில் அவர் கழுத்தில் தாலி ஏறியது. பெரியவர்கள் வெற்றிலை பாக்கு மாற்றிய பிறகுதான் அவருக்கே சேதி தெரியுமாம். பிறகு விடியுமுன் பால்மரம், பகலில் பிள்ளைகள், மாலையில் கள்ளுக்கடைக்குப் போன அப்பாவுக்காகக் காத்திருப்பு. சம்பள நாளில் லயத்து வாசற்படியில் உட்கார்ந்திருந்த அம்மாவின் முகத்தை நான் மறக்கவில்லை. அப்பா குடியை விட்டுப் பல வருடங்கள் ஆகியிருந்தன. விட்டவர் மறந்துவிடலாம், பட்டவர் மறப்பாரா?

மறுநாள் காலை அப்பா அடுப்படியில் போய் நின்றார்.

"அன்னைக்கு நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். இப்பக் கேக்குறேன். ஒனக்குச் சம்மதமா?"

அம்மா அடுப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மொதல்ல கூட வந்து சேலை எடுங்க. அப்புறம் சொல்றேன்."

கிள்ளானில் ரயிலேறி மஸ்ஜித் இந்தியாவுக்குப் போனோம். சேலைக் கடைக்குள் அதுவரை கால் வைத்தறியாத அப்பா, குவிந்து கிடந்த பட்டுகளுக்கு முன்னால் பள்ளிக்கூடத்துப் புதுப் பையனைப்போல் விழித்தார். ஒரு பச்சையைத் தொட்டு, "இது ஒனக்குப் பிடிக்குமா?" என்றார்.

"முப்பத்தேழு வருஷம் கழிச்சுக் கேக்குறீங்க. எனக்கு நீலம்தான் பிடிக்கும்" என்று அம்மா சிரித்தார். அதுதான் சம்மதம்.

தாலி கட்டும் நாளுக்கு முன் இன்னொன்றும் செய்தோம். முஸ்லிம் அல்லாதாருக்கான 1976-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் 1982 மார்ச் 1-இல் நடப்புக்கு வந்தது. அதற்கு முன் முறைப்படி நடந்த கல்யாணங்களைச் சட்டம் பதிவானதாகவே கருதுகிறது. விரும்பினால் பதிந்தும் கொள்ளலாம். அம்மா விரும்பினார். பதிவு இலாகாவில் பேனாவை வாங்கி, தன் பெயரை ஓர் எழுத்துக்கு ஓர் எழுத்து நிறுத்தித் தமிழில் எழுதினார். அவருடைய கல்யாணத்தில் அவர் கைபட்ட முதல் காகிதம் அது. அப்பா கண்களைத் துடைத்துக்கொண்டார்.

வாசகச் சகோதரிகளே, 1982-க்குப் பிறகு மணந்தவர்களுக்குக் கோயில் தாலி மட்டும் போதாது, பதிவும் வேண்டும். நாளை சொக்சோ பணத்துக்கோ சேமநிதிக்கோ போய் நிற்கும்போது அந்தக் காகிதம்தான் உங்களுக்காகப் பேசும். சில கோயில்களிலேயே உதவிப் பதிவாளர்கள் இருக்கிறார்கள், விசாரியுங்கள்.

பெற்றோருக்கு அறுபதாம் கல்யாணம் செய்ய நினைக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை: ஐயரிடம் நாள் கேட்பதற்கு முன், அம்மாவிடம் சம்மதம் கேளுங்கள்.