எந்தச் சொல் அப்படிச் சொல்கிறது?

படுவான்கரைக் கிராமமொன்றில் 2017 இல் சாதாரண தர மாணவிகளுக்கு மாலை வகுப்பு நடத்தினேன். தமிழ்ப் பாடத்தில் கிரகித்தல்தான் பலருக்குச் சிக்கல். வெளிப்படைப் பொருளை எழுதிவிடுவார்கள். உட்பொருளைக் கேட்டால் பேனா நின்றுவிடும். இல்லையேல் மனதில் தோன்றியதையெல்லாம் எழுதுவார்கள்.

ஒருநாள் கரும்பலகையில் நானே இரண்டு வரி எழுதினேன்: "அம்மா ஒரு கோப்பைச் சோற்றை மூடி வைத்தாள். வாசல் விளக்கை அணைக்காமலே படுத்தாள்." மூடிய சோறும் எரியும் விளக்கும் வெளிப்படை. யாரோ இன்னும் வீடு வரவில்லை என்பது உட்பொருள். "அப்பா குடிச்சிட்டு வருவார் மிஸ்" என்றாள் ஒருத்தி. "எந்தச் சொல் அப்படிச் சொல்லுது?" என்று கேட்டேன். அவளால் காட்ட முடியவில்லை. உட்பொருளுக்கும் எழுத்தில் ஆதாரம் வேண்டும் என்பதே அன்றைய பாடம்.

அவ்வகுப்பில் இருந்த இன்னொரு மாணவியின் தந்தை 2007 இல் காணாமற்போனவர். காணி அலுவல்களுக்கு மரணச் சான்றிதழ் தேவைப்பட்டது. தாயோ விண்ணப்பத்தில் கையொப்பமிட மறுத்து வந்தார். "கையெழுத்து வெச்சா அவரத் தேடுறத விட்டுட்டன் எண்டுதானே அர்த்தம்" என்பார். "அது வெறும் கடதாசிதானே அக்கா" என்று சமாதானம் சொன்னவள் நான். சமூகவியல் படித்த எனக்கு அது துயரத்தின் பிடிவாதமாகவே தெரிந்தது.

காணாமற்போனவர்களின் இறப்பைப் பதிவதற்கான 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் பற்றிய விளக்கத்தை மகள் வரிவரியாக வாசித்தாள். ஓரிடத்தில் விரலை வைத்தாள். "இஞ்ச பாருங்க மிஸ். அவர் இறந்துட்டார் எண்டு நம்புறதா அம்மா சொல்லோணும். அம்மா பிழையா விளங்கல்ல."

எனக்கு வெட்கமாக இருந்தது. எழுத்திலேயே ஆதாரம் இருந்தது, வாசிக்காதவள் நான்தான்.

பிறகுதான் தேடிப் பார்த்தேன். 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம், காணாமற்போனமைக்கான சான்றிதழ் பெற வழி செய்திருந்தது. அதற்கு, அவர் இறந்துவிட்டார் என்று எவரும் சொல்லவேண்டியதில்லை. அதைக்கொண்டு நலன்புரி உதவிகளுக்கு விண்ணப்பிக்கலாம். சொத்துக்களைத் தற்காலிகமாகப் பராமரிக்கலாம். அந்த விண்ணப்பத்தில் தாய் கையொப்பமிட்டார். வாசித்துக் காட்டியவள் மகள்.

சகோதரிகளே, கடன் பத்திரமோ காணிப் பத்திரமோ, கையொப்பமிடுமுன் பிள்ளையைக்கொண்டு ஒருமுறை உரத்து வாசிப்பியுங்கள். மனதில் அச்சம் எழுந்தால், "வெறும் கடதாசி" என்று எவர் சொன்னாலும் விட்டுவிடாதீர்கள். எந்தச் சொல் அந்த அச்சத்தைத் தருகிறது என்று தேடுங்கள்.